வெயில் காலத்தில் தங்கச் சங்கிலி கறுக்கிறதே, தங்கம் மட்டமானதா?

சித்திரை பிறந்ததும் சங்கிலி பட்ட இடமெல்லாம் கழுத்து கறுக்கிறது, நகையும் மங்குகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. நான் பத்தர் வீட்டுப் பெண். அக்னி நட்சத்திரக் காலத்தில் அப்பாவின் பட்டறைக்கு அதிகமாக வரும் கேள்வியே இதுதான்.

வெயில் தங்கத்தை ஒன்றும் செய்யாது; அது உருகவே 1,064 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் நாம் அணிவது 22 காரட். அதில் தங்கம் 91.6 சதவீதம், மீதியில் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். வியர்வையின் உப்பும் அமிலமும் அந்த மீதியைத்தான் பிடிக்கின்றன, நகை மங்குகிறது. 18 காரட் நகையில் கலப்பு அதிகம் என்பதால் மங்கலும் சீக்கிரம் தெரியும்.

கழுத்து கறுப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. வேர்க்குருவுக்குப் போடுகிற பவுடரைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு இருக்கும். சில சன்ஸ்கிரீன்களிலும் அது இருக்கிறது, அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. இந்தத் துகள்கள் தங்கத்தைவிடக் கடினமானவை. சங்கிலி அசைய அசைய அதை உரசி எடுத்துவிடும். அப்படி உதிரும் நுண்பொடி மஞ்சளாகத் தெரியாது, கறுப்பாகத்தான் தெரியும். ஆக, நீங்கள் துடைத்தெறிகிற அந்தக் கறுப்பில் உங்கள் தங்கமும் கலந்திருக்கலாம். அளவு மிகச் சொற்பம்தான். ஆனாலும் பொடித் தங்கத்தைக்கூடக் கூட்டிச் சேர்க்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு மனம் கேட்பதில்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பவுடர் போடுங்கள். தாலிக்கொடியைக் கழற்றுவதில்லை என்றால் கழுத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

தினமும் இரவில் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். அவ்வப்போது பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரில் போட்டு, மென்மையான பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பற்பசையும் விபூதியும் வேண்டாம், கீறல் விழும். மங்கிவிட்டதே என்று அடிக்கடி கடையில் மெருகு போடக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மெருகிலும் கொஞ்சம் எடை போகும்.

இதெல்லாம் கல் இல்லாத நகைக்குத்தான். பின்பக்கம் அடைத்து, உள்ளே அரக்கு வைத்துக் கட்டிய பழைய கெம்பு அட்டிகையைத் தண்ணீரில் போடவே கூடாது. கல்லுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுதான் அதற்கு ஒளி தருகிறது. ஈரம் இறங்கினால் தகடு கறுத்து, கல் களையிழந்துவிடும். சூட்டில் அரக்கும் இளகும், அதனால் வெயிலில் நிற்கும் காரில் நகைப்பெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வைகாசி முகூர்த்தத்துக்குப் போட்டுப் போய், வந்த அசதியில் வியர்வையோடு பெட்டியில் வைத்துப் பூட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். துடைத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்திய பிறகு வையுங்கள்.

முத்து இன்னும் மென்மையானது. அது கால்சியம் கார்பனேட் என்பதால் வியர்வையின் அமிலமே அதை அரிக்கும். செண்ட், கிரீம் எல்லாம் பூசி முடித்த பிறகு கடைசியாக முத்துமாலையைப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைக் கழற்றுங்கள். மரகதத்தின் வெடிப்புகளில் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வெந்நீரும், கடைகளில் நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் இயந்திரமும் அந்த எண்ணெயை வெளியேற்றிவிடும்.

வெயிலில் விரல் வீங்கும். மோதிரம் இறுக்குகிறது என்று மே மாதத்தில் பெரிதாக்கிவிட்டால் மார்கழியில் கழன்று விழும். நீச்சல் குளத்து குளோரின், பற்றவைத்த இடங்களைப் பலவீனமாக்கும். கடலில் இறங்கினால் குளிர்ச்சியில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும். இரண்டு இடத்துக்கும் நகையில்லாமல் போவதே நல்லது.

இவ்வளவு செய்தும் சந்தேகம் தீராவிட்டால், நகையில் ஹால்மார்க்கோடு பொறித்திருக்கும் எச்யுஐடி (HUID) குறியீட்டைப் பாருங்கள்; எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் அது, ஒவ்வொரு நகைக்கும் தனி. 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகைகளுக்கு அது கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்தக் குறியீட்டை இட்டால் நகையின் தரம் தெரிந்துவிடும். அதற்கு முன் வாங்கிய நகையில் அது இல்லாமல் இருக்கலாம். அதை பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற பரிசோதனை மையத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.