பழைய வண்டி ஸ்டியரிங்: கேட்டார்கள், சொல்கிறேன்

டெல்டா பக்கம் பழைய ஜீப், அம்பாசடர், ஹெரால்டு வைத்திருக்கும் நண்பர்கள் ஸ்டியரிங் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கும்பகோணம்: அண்ணே, தாத்தா காலத்து மகிந்திரா ஜீப். ஸ்டியரிங் கால் சுற்று சும்மா சுற்றுகிறது. ஸ்டியரிங் பாக்ஸில் (ஸ்டியரிங் கம்பியின் அடியில் உள்ள பெட்டி) இருக்கும் ஸ்குரூவை முறுக்கினால் போதும் என்கிறார் ஷெட்காரர். முறுக்கலாமா?

இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். ஆட்டம் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். வண்டியைத் தரையிலேயே நிறுத்தி, ஒருவரை உட்காரவைத்து ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வையுங்கள். ராடு நகர்ந்து, அது பிடித்திருக்கும் ஆர்ம் நகரவில்லையென்றால் தேய்ந்தது அந்த மூட்டு. பழைய ஜீப்பில் நடுவில் இருக்கும், ராடுகளை இணைத்து அசைக்கும் பெல் கிராங்க்தான் எனக்கு முதல் சந்தேகம். வாய்க்கால் கரைச் சேறு போய் உட்காருவதும் அங்கேதான்.

அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு வைத்துச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சாணி) பக்கம்.

அவரே: எல்லாம் பார்த்தாயிற்று. பாக்ஸிலிருந்து வரும் டிராப் ஆர்ம்தான் தாமதமாக நகர்கிறது.

அப்படியானால் பாக்ஸ்தான். ஆயில் இருக்கிறதா பாருங்கள். கசிகிறது என்று கிரீஸை அடைத்து வைத்திருப்பார்கள். கிரீஸ் ஒதுங்கிவிடும், உள்ளே காயும். ஆயில் சீலை மாற்றி கியர் ஆயிலே ஊற்றுங்கள்.

டிராப் ஆர்மிலிருந்து டிராக் லிங்கை, அதாவது அதில் மாட்டியிருக்கும் ராடைக் கழற்றிவிடுங்கள். லிங்க் இல்லாதபோது ஸ்டியரிங்கைக் கடைசிவரை வேகமாகச் சுற்றி இடிக்காதீர்கள், உள்ளே அடிபடும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். அதுதான் நடு. ஸ்டியரிங் ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடினால், மேல் மூடியின் ஷிம்மை (அடியில் வைக்கும் மெல்லிய தகடு) குறைத்து அதை முதலில் சரிசெய்யுங்கள். பிறகுதான் பக்கவாட்டு ஸ்குரூ: லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவை ஸ்குரூ டிரைவரால் பிடித்து, அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) சுற்றுக்கு மேல் போகாமல் உள்ளே விடுங்கள். விரல் நுனியால் ஸ்டியரிங்கைச் சுற்றும்போது நடுவைத் தாண்டுகையில் மட்டும் மெல்லிய பிடிப்பு தெரிந்தால் போதும். ஸ்குரூ கூடவே திரும்பாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள்.

நடுவில்தான் இதைச் செய்ய வேண்டும். பாக்ஸ் நடுவில் நெருக்கமாகவும் ஓரங்களில் தளர்வாகவும் இருக்கும்படிதான் செய்யப்பட்டது. ஓரத்தில் வைத்து ஆட்டத்தை எடுத்தால் நேராக ஓடும்போது இறுகிவிடும். தேய்மானம் நடுவில் அதிகமாகி, அங்கே சரிசெய்தால் ஓரங்கள் இறுகுகின்றன என்றால், ஸ்குரூ இனி உதவாது. பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பவில்லையென்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள்.

மயிலாடுதுறை: அம்பாசடர் சார். டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் ராடின் முனை மூட்டு) கழலவே மாட்டேன் என்கிறது. கேஸ் வைத்துச் சூடு பண்ணவா?

வேண்டாம். ரப்பர் பூட் உருகும், ஆர்மின் உரமும் போகும். மரைமுனையில் சுத்தியால் அடிப்பதும் தப்பு. மரை காளான் மாதிரி விரிந்தால் நட்டு மறுபடி ஏறாது. நட்டைக் கழற்றாமல் மரைமுனை மட்டத்துக்குத் தளர்த்தி விட்டு, புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு இழுவை கொடுத்து, ஆர்மின் கண்ணின் பக்கவாட்டில் தட்டுங்கள். எதிர்ப்பக்கம் கனமான சுத்தியல் ஒன்றை அணை கொடுத்தால் டக்கென்று விடும். மாட்டும்போது ஸ்பிளிட் பின் புதிது. துளை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள்.

மயிலாடுதுறையிலிருந்து இன்னொருவர்: வளைந்த டை ராடைப் பட்டறையில் நிமிர்த்தலாமா?

கூடாது. வெல்டிங்கும் கூடாது. மாற்றுங்கள்.

நாகப்பட்டினம்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கீழ் டிரன்னியனுக்கு (முன்சக்கரம் திரும்பும் மரை மூட்டு) என்ன கிரீஸ் நல்லது?

கிரீஸே இல்லை. தொண்ணூறு நம்பர் கியர் ஆயில். மரைக்குள் கிரீஸ் இறங்காது, தண்ணீர் தங்கும், உள்ளே துரு பிடித்து ஒருநாள் சக்கரம் மடங்கிவிடும். உங்கள் ஊர் உப்புக்காற்றில் இதில் அலட்சியமே வேண்டாம்.

மன்னார்குடி: டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கும் அளவு) வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். மூட்டுகளில் ஆட்டம் இல்லாதபோதுதான் அளவு நிற்கும். முன்சக்கரங்களின் முன்புறத்தில், ஹப் உயரத்தில், இரு டயரிலும் சாக்பீஸ் குறி போட்டு இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். வண்டியைத் தள்ளி அதே குறிகள் பின்புறம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். முன் அளவு எவ்வளவு குறைவோ அதுதான் டோ-இன். எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில் பாருங்கள். ராடைத் திருப்பும்போது இரண்டு பக்கமும் சமமாகத் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். மரை எத்தனை சுற்று என்று சுவரிலாவது எழுதிவையுங்கள்.