யானைக்கு எங்கே வலிக்கும்?

கேள்வி: யானை 4 டன். தோலே ஒரு அங்குலம் தடிப்பு. ராகிக் கொல்லையைச் சுற்றித் தேன்பெட்டி தொங்கவிட்டால் அது தேனீக்குப் பயந்து ஓடிவிடும் என்கிறார்கள். காதில் பூ சுற்றுகிறார்களா?
– வாசகர், அஞ்செட்டி

பதில்: பூ சுற்றவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொல்வது முதுகுத் தோல். தேனீ கொட்டினால் யானைக்கு உறைக்கிற இடம் கண்ணோரம், வாய், காதின் பின்புறம், தும்பிக்கைத் துளையின் உள்பக்கம். ஒரு தேனீ 0.1 கிராம்கூட இராது. தராசில் வைத்தால் உங்கள் யானைக்கு ஈடாக 4 கோடிக்கு மேல் தேனீ வேண்டும். எடையா சண்டை போடுகிறது? கொட்டிய கொடுக்கு நச்சுப்பையோடு பிய்ந்து தோலிலேயே நிற்கும். கொட்டிய தேனீ செத்துவிடும். அந்த இடத்திலிருந்து வாழைப்பழ வாடை மாதிரி ஒன்று கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அதுதான் விலாசம்.

கென்யாவில் போட்ட வேலி இப்படி: 10 மீட்டருக்கு ஒரு பெட்டி, ஒன்று விட்டு ஒன்று வெறும் போலிப் பெட்டி, எல்லாவற்றையும் கோத்து ஒரே கம்பி. யானை கம்பியைத் தள்ளினால் பெட்டிகள் வரிசையாக ஆட வேண்டும். ஆணி அடித்து இறுக்கினால் போச்சு. ஒரு ஏக்கர் சதுரக் கொல்லைக்குச் சுற்றளவு சுமார் 255 மீட்டர். 26 இடம், அதில் 13 நிஜப் பெட்டி.

சொல்லாமல் விட்ட பாதி இதுதான். அங்கே இருப்பது ஆப்பிரிக்கத் தேனீ, சீண்டினால் படையாக வரும். நம்மூரில் பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீ சாது, கூட்டமும் சின்னது. அதைவிட, ராகிக் கதிர் முற்றுவதும் ஜவளகிரிப் பக்கம் யானை இறங்குவதும் பனி கொட்டுவதும் ஒரே பருவம். யானை வருவது ராத்திரியில். அந்நேரம் தேனீ குளிருக்கு அடையில் ஒண்டிக் கிடக்கும், இருட்டில் பறக்கவும் செய்யாது. ஆகவே காவல் பரணைப் பிரித்துவிடாதீர்கள்.

காடு பார்த்த ஒரு பக்கம் மட்டும் போட்டுப் பாருங்கள். ராகிப் பூவில் தேன் கிடையாது. வரப்போரம் உச்செள்ளு (மஞ்சள் பூ பூக்கும் எண்ணெய் வித்து) விதையுங்கள். பூ இல்லாத கோடையில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கரைத்து வையுங்கள், இல்லையென்றால் கூட்டம் பெட்டியைக் காலி செய்துவிடும். தொங்கும் கம்பியில் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு ஏறும்.

இதெல்லாம் வம்பு என்று நேராகக் கரண்டு இழுக்க நினைக்காதீர்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 3 பெண் யானைகள் செத்தது அப்படித்தான்.

பெட்டிப் பக்கம் ஆடு மாடு கட்ட வேண்டாம். தேனீ கிளம்பினால் யானை ஓடிவிடும், கயிற்றில் நிற்பது ஓட முடியாது.