சுவர் வந்தா சத்தம் போயிடுமா?

கேள்வி: எங்க வீட்டுக்குப் பின்னாடியே ஃப்ரீவே. ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களாம், கூடவே 16 அடி உயரத்துக்கு சவுண்ட் வால் (ரோட்டுச் சத்தத்தைத் தடுக்கற சுவர்) கட்டலாமா வேண்டாமான்னு எல்லா வீட்டுக்கும் லெட்டர் வந்திருக்கு. நான் கட்டணும்ங்கறேன். பக்கத்து வீட்டுக்காரங்க மலை தெரியாது, காத்து வராதுன்னு எதிர்த்து கையெழுத்து வாங்கறாங்க. சும்மா கிடைக்கிறதை வேண்டாங்கறாங்களே, இவங்களுக்கெல்லாம் புத்தி பேதலிச்சுப் போச்சா?
- ஒரு வாசகி, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: அதெல்லாம் பேதலிக்கலைங்க. சாயந்திரம் பின்பக்கம் சேர் போட்டு உக்காந்து மலையைப் பார்க்கறவங்க அவங்க, ராத்திரி தூக்கம் கெட்டவங்க நீங்க. ஒரே சுவர், ரெண்டு பேருக்கும் வேற வேற கணக்கு. சுவர் கட்டின இடத்துல எல்லாம் ஜனங்க சொல்றதும் இதேதான், ஜன்னலைத் திறந்து வைக்க முடியுது, தோட்டத்துல நின்னு கத்தாம பேச முடியுதுன்னு சில பேர், வெயில் போச்சு, காத்து போச்சு, ஏதோ ஜெயிலுக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு, போதாக்குறைக்கு எவனாவது வந்து கிறுக்கிட்டுப் போறான்னு வேற சில பேர். ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்.

எனக்குப் பயமே உங்க எதிர்பார்ப்பைப் பார்த்துதான். உங்க பக்கத்து ஊரு மில்பிடாஸ்ல 680 ஃப்ரீவே ஓரமா 1968ல கட்டினதைத்தான் அமெரிக்காவோட முதல் சவுண்ட் வால்னு சொல்றது வழக்கம். அன்னியிலருந்து நாடு முழுக்க கட்டிக்கிட்டேதான் இருக்காங்க, எந்தச் சுவரும் சத்தத்தை அடியோட நிறுத்தினதா வரலாறு இல்லை. சத்தம் சுவர்ல முட்டி அங்கேயே நின்னுடாது, மேல ஏறி வளைஞ்சு இந்தப் பக்கம் இறங்கும். வண்டி கண்ணுல படாத அளவுக்கு சுவர் வந்தா ஒரு 5 டெசிபல் (சத்தத்தை அளக்கற அலகு) குறையும், அதுக்கு மேல ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்றரை டெசிபல் மாதிரி. 10 குறைஞ்சாத்தான் காதுக்குப் பாதியாத் தெரியும். அதுவும் சுவரை ஒட்டின முதல் வரிசைக்கு, 200 அடிக்கு அப்பால இருக்கற வீட்டுக்கெல்லாம் பெருசா ஒண்ணும் தெரியாது.

உங்க பெட்ரூம் மாடியிலன்னா இன்னும் யோசிக்கணும். கீழ ஹால்ல உக்காந்திருக்கும்போது கப்சிப்னு இருக்கும், மாடி ஜன்னல்ல நின்னா சுவருக்கு மேலால ட்ரக் தெரியும், தெரிஞ்சா கேட்கும், அவ்வளவுதான் விஷயம். பெரிய ட்ரக்கோட புகைக்குழாயே 12 அடி உயரத்துல இருக்கு.

ஃப்ரீவேக்கு எதிர்ப்பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் சுவர்ல பட்டு எங்க மேல திரும்பும்னு சண்டைக்கு வருவாங்க, வந்தா சொல்லுங்க, கணக்குப்படி அதிகபட்சமே 3 டெசிபல், நேர்ல அளந்தா அதை விடக் கம்மி, மனுஷக் காதுக்கு 3 டெசிபலே கஷ்டப்பட்டாத்தான் தெரியும். ஆனா சத்தத்தோட தொனி கொஞ்சம் மாறும், அதனால அவங்க புகாரையும் பொய்னு தள்ளிடாதீங்க. மீட்டிங்ல, சுவருக்குப் பதிலா மரம் வைக்கலாம்னு ஒருத்தர் நிச்சயம் எழுந்து பேசுவார். 10 டெசிபல் குறைய 200 அடி அகலத்துக்கு அடர்ந்த காடு வேணும், அவர் பேக்யார்டு எத்தனை அடின்னு கேளுங்க.

அரிசோனாவுல ஃபீனிக்ஸ் பக்கம் 2003ல வேற ரூட்ல போனாங்க. வேகமாப் போற கார்ல இன்ஜினை விட டயர் சத்தம்தான் ஜாஸ்தி, அதனால பழைய டயரை அரைச்சுக் கலந்த தாரை கான்கிரீட் ரோட்டு மேல போட்டாங்க. சத்தம் நல்லாவே குறைஞ்சுது, யாரோட மலையும் மறையலை. ஆனா அந்தத் தார் தேஞ்சு பேந்து போகும், காலாகாலத்துல மறுபடி செலவு.

அப்புறம் அந்த 'சும்மா'. உங்க வரிப்பணம்ங்க அது! இருக்கற ஃப்ரீவேக்குச் சத்தம்னு போய்க் கேட்டா யாரும் கட்டித் தரணும்னு கட்டாயம் இல்லை, அகலப்படுத்தும்போதுதான் சத்தத்தை அளந்தே ஆகணும், வீட்டுக்கு வெளியே 67 டெசிபலை நெருங்கினா சுவரைப் பத்தி யோசிச்சே ஆகணும். கலிஃபோர்னியாவுல பலன் கிடைக்கிற வீடுகள்ல இருந்து வந்து சேர்ற பதில்கள்ல பாதிக்கு மேல வேண்டாம்னு இருந்தா கட்டமாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க வாசல் வாசலா ஏறி இறங்கறாங்க, நீங்க எனக்கு லெட்டர் எழுதிட்டு இருக்கீங்க. முதல்ல வந்த லெட்டருக்குப் பதில் சொல்ற அந்த ஃபார்மை அனுப்புங்க, அனுப்பறதுக்கு முன்னாடி மீட்டிங்ல இன்ஜினியரைப் பிடிச்சு, மாடி ஜன்னல் உயரத்துல எத்தனை டெசிபல் குறையும்னு உங்க வீட்டு நம்பரைச் சொல்லிக் கேளுங்க.