சீனர்கள் ஏன் ஆங்கிலத்தில் 'பாரோ' (இரவல் வாங்கு), 'லெண்ட்' (இரவல் கொடு) இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்?

இரவல் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் சீனத்தில் 'ஜியே' என்ற ஒரே வினைதான். 'வோ ஜியே தா யி பாய் குவாய்' என்றால் அவனுக்கு நூறு யுவான் கடன் கொடுத்தேன் என்றும் எடுக்கலாம், அவனிடம் கடன் வாங்கினேன் என்றும் எடுக்கலாம். சீனர்களே சந்தர்ப்பம் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். அதனால்தான் 'லெண்ட்' வரவேண்டிய இடத்தில் 'கேன் யூ பாரோ மீ எ பென்?' என்று வந்து விழுகிறது.

சீனர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர் என்றால், வாக்கியத்தை முதலில் சீனத்திலேயே சோதிக்கச் சொல்லுங்கள். 'ஜியே'க்குப் பின்னால் 'கெய்' (கொடு) சேர்ந்தால் லெண்ட், கூட 'டு'. ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் 'சியாங்' ('இன்னாரிடம்' என்பதுபோல்) வந்தால் பாரோ, கூட 'ஃப்ரம்'.

கழிப்பறைக்கு மட்டும் இரண்டும் ஆகாது. சீனத்தில் அதையும் 'ஜியே' என்றே கேட்பார்கள். ஆங்கிலத்தில் பாரோ என்றால் பெயர்த்து எடுத்துப்போவதுபோல் ஒலிக்கும். அங்கே 'யூஸ்'தான்.