பேப்பரில் ஒரு விலை, கடையில் ஒரு விலை: முட்டை வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முட்டையைப் பற்றியே இருந்தன. எல்லாவற்றுக்கும் மூலம் நாமக்கல் என்பதால் ஒன்றாகவே பதில் எழுதுகிறேன்.

தினமும் பேப்பரில் ‘நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை 5 காசு உயர்வு’ என்று வருகிறது. அந்த விலைக்கு எங்கள் தெருக் கடையில் ஒரு நாளும் முட்டை கிடைத்ததில்லை. ஏறினால் மறுநாளே ஏற்றிவிடுகிறார்கள், இறங்கினால் மட்டும் இறக்குவதே இல்லை. இது ஏமாற்று இல்லையா?
(தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி)

அம்மா, முதலில் அந்த விலை எந்த இடத்து விலை என்று பார்ப்போம். பேப்பரில் வருவது பண்ணைக் கொள்முதல் விலை. நாமக்கல்லில் கோழிப்பண்ணை வாசலில், லாரியில் ஏற்றும் இடத்தில், மொத்த வியாபாரி பண்ணையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று அறிவிக்கப்படும் தொகை அது. அறிவிப்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, சுருக்கமாக என்.இ.சி.சி. 1982-ல் பண்ணையாளர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. தங்கள் முட்டைக்கு விலை சொல்லும் உரிமை தங்களிடமே இருக்க வேண்டும், வியாபாரிகள் சொல்வதே விலை என்ற நிலை மாற வேண்டும் என்பதுதான் அதற்குக் காரணம். இது அரசு நிர்ணயிக்கும் விலை அல்ல, சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத பரிந்துரை விலை. ரேஷன் கடை விலைபோல ‘இதற்கு மேல் விற்கக் கூடாது’ என்று கேட்க முடியாது.

இனி அந்த முட்டை தாம்பரம் வந்து சேரும் வழியைப் பாருங்கள். பண்ணையிலிருந்து லாரி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, வழியில் உடைவது, சென்னை மொத்த வியாபாரியின் லாபம், அங்கிருந்து உங்கள் பகுதிக்குக் கொண்டு வரும் வண்டி, கடைக்காரர் கையில் உடைவது, அவருடைய லாபம். இத்தனையும் சேர்ந்த பிறகுதான் உங்கள் கைக்கு வருகிறது. என்.இ.சி.சி. சென்னைக்கென்று தனி விலையும் அறிவிக்கிறது. அது நாமக்கல் விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். நீங்கள் ஒப்பிட வேண்டியது சென்னை விலையோடுதான். பல பத்திரிகைகள் நாமக்கல் விலைக்குக் கீழே மற்ற ஊர்களின் விலையையும் பொடி எழுத்தில் போடுகின்றன, அதைத் தேடிப் பாருங்கள்.

ஏறினால் உடனே ஏற்றுகிறார்கள், இறங்கினால் இறக்குவதில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. நான் கடைக்காரர் பக்கம் பேசப் போவதில்லை. 5 காசு, 10 காசு மாற்றத்தைச் சில்லறைக் கடையில் காட்ட முடியாது என்பது உண்மை, அங்கே ஐம்பது காசாகவோ ஒரு ரூபாயாகவோதான் விலை நகரும். ஆனால் பண்ணை விலை ஒரு வாரத்தில் 50 காசு, 60 காசு இறங்கிய பிறகும் பழைய விலையிலேயே விற்பதற்கு ‘பழைய சரக்கு’ என்ற காரணம் செல்லாது. முட்டை ஓரிரு நாளில் விற்றுத் தீரும் பொருள். இதைச் சட்டம் வைத்துத் தடுக்க முடியாது. தடுப்பது உங்கள் கால்தான்: இன்னொரு கடைக்கு நடந்து போங்கள். வாரத்துக்கு ஒரு அட்டை, அதாவது 30 முட்டை, செலவாகும் வீடு என்றால் பக்கத்தில் இருக்கும் முட்டை மொத்தக் கடையில் அட்டையாக வாங்குங்கள். அங்கே விலைப் பலகையைத் தினமும் மாற்றுவார்கள். இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு அட்டை வாங்கிப் பிரித்துக்கொள்வதும் நல்ல வழிதான்.

நாமக்கல்லுக்கே போய் நேராகப் பண்ணையில் வாங்கினால் லாபமா? நாங்கள் சிறிய அளவில் கேட்டரிங் செய்கிறோம்.
(வேலூர்)

வேண்டாம். பண்ணையில் பெரும்பாலும் பெட்டிக் கணக்கு, ஒரு பெட்டிக்கு 7 அட்டை, 210 முட்டை. சில பெட்டிகளுக்காக அவ்வளவு தூரம் வண்டி விட்டால், மிச்சமாகும் காசை டீசல் தின்றுவிடும். வேலூரிலேயே உள்ள மொத்த வியாபாரியிடம், ‘அன்றைய என்.இ.சி.சி. விலைக்கு மேல் முட்டைக்கு இத்தனை காசு’ என்று நிரந்தரமாகப் பேசிவிடுங்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் இருவருக்கும் தகராறு வராது.

ஒரு கடையில் முட்டை 6 ரூபாய், அடுத்த கடையில் 5.50. மலிவான கடையில் வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?
(திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

எடை போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. முட்டையை நாம் எண்ணிக்கையில் வாங்குகிறோம், சாப்பிடுவதோ எடையை. அக்மார்க் தரப்படி 38 முதல் 44 கிராம் வரை சிறியது, 45 முதல் 52 வரை நடுத்தரம், 53 முதல் 59 வரை பெரியது, 60-க்கு மேல் மிகப் பெரியது. 55 கிராம் முட்டை 6 ரூபாய் என்றால் 100 கிராம் ஏறத்தாழ 10 ரூபாய் 90 காசு ஆகிறது. 45 கிராம் முட்டை 5.50 என்றால் 100 கிராம் 12 ரூபாய் 20 காசு. மலிவு என்று நீங்கள் நினைத்த கடைதான் விலை அதிகம்.

ஒரு அட்டைக்கு இது எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். 55 கிராம் முட்டை முப்பது சேர்ந்தால் 1,650 கிராம். 45 கிராம் முட்டை முப்பது சேர்ந்தால் 1,350 கிராம். 300 கிராம் குறைவு, கிட்டத்தட்ட ஐந்தாறு முட்டை. ஆகவே கடையில் தராசு இருந்தால் அட்டையை வைத்துப் பாருங்கள், காகித அட்டையின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். முட்டையிடத் தொடங்கும் இளங்கோழிகளின் முட்டை சிறிதாகத்தான் இருக்கும். கோடையில் கோழி தீவனம் குறைவாகத் தின்பதால் அப்போதும் அளவு சுருங்கும். அது கலப்படம் அல்ல, தரக்குறைவும் அல்ல. ஆனால் சின்ன முட்டையைச் சின்ன முட்டை விலைக்குத்தான் விற்க வேண்டும், அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

கீறல் விழுந்த முட்டையைச் சில கடைகளில் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். ஓடு விரிசல் விட்டால் கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும், வீட்டுக்கு அதை வாங்காதீர்கள்.

முட்டை விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? கோழி தினமும் ஒரே மாதிரிதானே முட்டை போடுகிறது?
(கரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி. கோழி நிறுத்தாது, நாம்தான் நிறுத்துகிறோம். புரட்டாசி பிறந்தால் தமிழ்நாட்டில் பாதி வீட்டில் முட்டை கிடையாது. அதே சமயம் வடக்கே நவராத்திரி வரும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் விட்டுவிடுவார்கள். ஆனால் அப்போது வட மாநிலங்களில் குளிர் தொடங்கி அங்கே தேவை கூடும், கேரளத்தில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு முட்டை போகும், அதனால் டிசம்பரில் விலை ஏறுவதுதான் வழக்கம். 2025 நவம்பரில் நாமக்கல் பண்ணை விலையே 6 ரூபாயைத் தாண்டியது. கோடையில் ‘முட்டை சூடு’ என்று ஒதுக்குவார்கள். பள்ளி விடுமுறையில் சத்துணவுக்குப் போகும் முட்டையும் நின்றுவிடும். பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் பிள்ளைகளுக்கு ஒரு முட்டை என்ற திட்டம் 2010-லிருந்து நடக்கிறது, அதனால் அந்தக் கொள்முதல் சிறியதல்ல.

இந்த நாட்களிலெல்லாம் கூண்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். நெல்லைப் போலக் குதிரில் கொட்டிவைத்து விலை வரும்போது விற்கலாம் என்றால் முடியாது. குளிர்பதனக் கிடங்கு எல்லாப் பண்ணையாளரிடமும் இல்லை. தேங்கினால் விலையை இறக்கியாவது தள்ளிவிட வேண்டும்.

மறுபக்கம் செலவைப் பாருங்கள். ஒரு முட்டைக்கோழி நாளைக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்னும். தீவனம் கிலோ 28 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3 ரூபாய் 8 காசு. நூறு கோழிக்கு நாளைக்குத் தொண்ணூறு முட்டை கிடைத்தால், ஒரு முட்டைக்குத் தீவனம் மட்டுமே 3 ரூபாய் 42 காசு ஆகிறது. இதற்கு மேல் குஞ்சு விலை, ஐந்து மாதம் முட்டையே இல்லாமல் வளர்க்கும் செலவு, தடுப்பூசி, மின்சாரம், கூலி, வங்கி வட்டி. தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம், அடுத்தது சோயா புண்ணாக்கு. மக்காச்சோளத்தை எத்தனால் ஆலைகளும் வாங்கத் தொடங்கிய பிறகு அதன் விலை பண்ணையாளருக்குக் கட்டுப்படியாகாமல் ஏறியது. முட்டை விலை ஏறிய செய்தியைப் படிக்கும்போது, அதோடு மக்காச்சோள விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் மோகனூர் பக்கம் சின்னப் பண்ணை வைத்திருக்கிறேன். நீங்கள் எப்போதும் வாங்குகிறவர்களுக்கே பதில் சொல்கிறீர்கள். அறிவிப்பது 5 ரூபாய், வியாபாரி ‘மைனஸ்’ என்று 40 காசு பிடித்துக்கொண்டுதான் கொடுக்கிறார். இதை வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

சொல்கிறேன் ஐயா. வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அறிவிக்கப்பட்ட விலையிலிருந்து முட்டைக்கு இத்தனை காசு குறைத்துத்தான் எடுப்போம் என்று வியாபாரிகள் வைக்கும் கழிவுக்குத்தான் ‘மைனஸ்’ என்று பெயர். சரக்கு தேங்கும் நாட்களில் அது கூடும், தட்டுப்பாட்டில் குறையும். மைனஸ் இல்லாமல் விற்க வேண்டும் என்று பண்ணையாளர் அமைப்புகள் பலமுறை முடிவெடுத்தும் அது திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. சேமித்துவைக்க வழியில்லாத சின்னப் பண்ணைதான் இதில் அதிகம் அடிபடுகிறது. பேப்பரில் விலை ஏறியதென்று நகரத்தில் நாம் கூடுதல் காசு கொடுக்கும் அதே நாளில், அந்தக் காசில் ஒரு பகுதி பண்ணைக்குப் போய்ச் சேராமலே இடையில் நின்றுவிடக்கூடும். விலையேற்றத்துக்குப் பண்ணையாளரைத் திட்டுவது எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை.

உங்களுக்கு ஒரு யோசனை: முட்டை ஏற்றும்போதே அன்றைய அறிவிப்பு விலை, மைனஸ், எண்ணிக்கை, பணம் தரும் தேதி நான்கையும் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் பணம் வரும் நாளில் மைனஸ் கூடியிருக்கும். மோகனூர், நாமக்கல், பரமத்தி வேலூர் ஓட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் தினமும் சில பெட்டிகளாவது நேராகக் கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

‘நாட்டுக்கோழி முட்டை’ என்று பழுப்பு முட்டையை மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?
(மதுரை)

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்தது அல்ல. பழுப்பு முட்டையிடும் கோழிகளையும் பண்ணைக் கூண்டில் வளர்க்கிறார்கள். உண்மையான நாட்டுக்கோழி முட்டை சிறியது. ஒன்று வெளிர் பழுப்பாக, ஒன்று சந்தன நிறமாக, ஒன்று நீளமாக, ஒன்று உருண்டையாக இருக்கும். முப்பதும் அச்சில் வார்த்ததுபோல ஒரே நிறம், ஒரே அளவு என்றால் அது பண்ணை முட்டைதான். தேயிலைச் சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், இயற்கையான பழுப்பு தண்ணீருக்கு வராது. மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சாக இருப்பதையும் அத்தாட்சியாக எடுக்காதீர்கள், அதைத் தீவனத்தாலேயே கொண்டுவரலாம்.

டப்பாவில் அடைத்த முட்டை என்றால் பேக் செய்த தேதி, எண்ணிக்கை, அதிகபட்ச விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் நான்கும் அச்சிட்டிருக்க வேண்டும். ‘ஆர்கானிக்’ என்று போட்டிருந்தால், இயற்கை உணவுக்கான அரசு முத்திரையான ‘ஜைவிக் பாரத்’ இருக்கிறதா என்று தேடுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம்.

கறிக்கோழி உயிருடன் கிலோ 100 என்று பேப்பரில் போடுகிறார்கள். கடையில் கறி 200. இது நியாயமா?
(ஈரோடு)

கறிக்கோழி விலை அறிவிக்கப்படும் இடம் பல்லடம், நாமக்கல் அல்ல. அதுவும் பண்ணை விலை, உயிர் எடைக்கு. இறகு, தலை, கால், குடல் போக ஒரு கிலோ கறிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கோழி வேண்டும். தோலை உரித்தால் இன்னும் கூடுதல். ஆகவே 100 ரூபாய் என்பது கறிக் கணக்கில் 150-லிருந்து தொடங்குகிறது. அதற்கு மேல் வண்டி, வெட்டுக்கூலி, கடை வாடகை. 200 கொஞ்சம் அதிகம்தான், கொள்ளை என்று சொல்ல மாட்டேன். 250 கேட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் முட்டையை நிறுத்திவிட வேண்டுமா?
(நாகர்கோவில்)

நிறுத்த வேண்டாம், நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். உள்வரை 70 டிகிரி சூடு ஏறினால் அந்த வைரஸ் அழிந்துவிடும். அந்த நாட்களில் ஆஃபாயிலும் பச்சை முட்டையும் வேண்டாம், முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 2006-ல் இந்தியாவில் முதல்முறை அந்த நோய் வந்தது மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். ஆனால் வியாபாரம் நாடு முழுக்கப் படுத்தது. 2020 மார்ச்சில் கோழியால் கொரோனா பரவும் என்ற பொய்யான செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியபோதும் முட்டையை வாங்க ஆளில்லாமல் நாமக்கல் பண்ணைகள் தவித்தன. நோய் எந்த ஊரில், உங்கள் ஊருக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள். கால்நடைத் துறை என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள், தெரியாதவர் அனுப்பிய வீடியோவை அல்ல.

வாங்கிய முட்டையைக் கழுவி வைக்கலாமா?
(நெய்வேலி)

கழுவி வைக்காதீர்கள், ஓட்டின் மேல் உள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி ஃபிரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடு மாறும். சமைக்கும் முன் கழுவினால் போதும்.