கூட்டம் வரலனா மூடிடலாமா?

கேள்வி: வேல்ஸ் நாட்டுல செல்டிக் வாரியர்ஸ்னு ஒரு ரக்பி டீம் 2003-ல ஆரம்பிச்சு ஒரே சீசன்ல இழுத்து மூடிட்டாங்களாமே. கூட்டமே வராத டீம மூடினதுல என்ன தப்பு? – ஒரு வாசகர், கோவை.

பதில்: கூட்டம்! இந்த வார்த்தைய கேட்டாலே எனக்கு ஆகாது, இந்தப் பக்கத்த ரெகுலரா படிக்கறவங்களுக்குத் தெரியும். எந்த டீம மூடினாலும் முதல்ல கூட்டத்து தலையிலதான் பழியப் போடுவாங்க, ஏன்னா கூட்டம் வந்து பதில் சொல்லாது பாருங்க.

பக்கத்து பக்கத்து ஊரு ரெண்டு, மூணு தலைமுறையா தேர்த்திருவிழாவுல அடிச்சுக்கிட்டவங்கனு வச்சுக்கோங்க. ஒருநாள் கலெக்டர் வந்து இனிமே ரெண்டு ஊருக்கும் சேத்து ஒரே தேர், அதுவும் பெரும்பாலும் அந்த ஊர்லதான் ஓடும், தேருக்குப் பேரு ரெண்டு ஊர் பேரும் கிடையாது, வடம் பிடிக்க எல்லாரும் வந்துடுங்கனு சொன்னா முதல் வருஷம் எத்தன பேர் வருவாங்க? வந்தவங்கள எண்ணிப் பாத்துட்டு அடுத்த வருஷம் தேரையே வித்துட்டா அது பக்தி கொறஞ்சுபோனதாலயா?

வேல்ஸ்ல நடந்தது அப்படியேதான். 2003-ல அந்த நாட்டு ரக்பிய நடத்தற அமைப்பான வேல்ஸ் ரக்பி யூனியனுக்கு கார்டிஃப்ல கட்டின மில்லேனியம் ஸ்டேடியம் கடன் கழுத்த நெரிக்குது, டேவிட் மாஃபெட்னு தலைமை நிர்வாகி வந்து பெரிய கிளப் ஒன்பத அஞ்சு டீமா சுருக்கினாரு. பான்டிப்ரித்தையும் பிரிட்ஜெண்டையும் சேத்து வாரியர்ஸ். அதுல பிரிட்ஜெண்ட் அப்பதான் வேல்ஸ் லீக் சாம்பியன், பான்டிப்ரித் 2002-ல வேல்ஸ் கப் ஜெயிச்ச டீம், அதோட கிரவுண்டுக்கு வலி வீடுனே செல்லப் பேரு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாத ஊரு, கார்ல அரை மணி நேரந்தான்.

பேரு விஷயத்துல எனக்கு பழைய கோவம் ஒண்ணு இருக்கு. டீம் பேர்ல ஊர் பேர் இருக்கணும்னு நான் எழுதினப்போ பழைய பஞ்சாங்கம்னு லெட்டர் போட்டவங்க இத கவனிங்க. மத்த நாலு டீமும் லானெல்லி, நீத்-ஸ்வான்சீ, கார்டிஃப், க்வெண்ட்னு இடத்துப் பேரோட இறங்குச்சு. இவங்களுக்கு மட்டும் செல்டிக் வாரியர்ஸ், அயர்லாந்துலயும் வைக்கலாம் ஸ்காட்லாந்துலயும் வைக்கலாம். நிலக்கரி சுரங்கத்துல தாத்தா வேல பாத்த பையன் எந்த ஊர் பேர சொல்லி கத்துவான்?

சரி, ஆட்டமாவது மோசமா ஆடினாங்களானா அதுவும் இல்ல. வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து டீமுங்க ஆடற செல்டிக் லீக்ல 12 டீமுல நாலாவது இடம். அந்த வருஷம் ஐரோப்பிய கோப்பைய தூக்கின இங்கிலாந்து வாஸ்ப்ஸ் டீம அவங்க சொந்த கிரவுண்டுலயே போயி தோக்கடிச்சாங்க. நீல் ஜென்கின்ஸ் இந்த டீமுக்குத்தான் ஆடினாரு, சர்வதேச ஆட்டத்துல ஆயிரம் பாயிண்ட முதல்ல தொட்ட மனுஷன், பான்டிப்ரித் பக்கத்துக்காரர், இந்த சீசன்ல வரிசையா 44 கிக் ஒண்ணுகூட தவறாம கம்பத்துக்கு நடுவுல போட்டு உலக சாதனை பண்ணாரு. நாப்பத்தி நாலு! காத்துலயும் மழையிலயும் முட்டை வடிவ பந்த நிறுத்தி வச்சு உதைக்கறது எவ்ளோ கஷ்டம்னு ஒரு தடவ உதைச்சுப் பாத்தவங்களுக்குப் புரியும். அத பத்தி தனியா நாலு பக்கம் எழுதுவேன், இப்ப இடமில்ல.

அப்ப ஏன் செத்துச்சு? பங்கு கைமாறின கதைய பாருங்க. பான்டிப்ரித் பணக்கஷ்டத்துல மாட்டி வாரியர்ஸ்ல தனக்கிருந்த பாதிப் பங்க பிரிட்ஜெண்ட் முதலாளி லைட்டன் சாமுவேலுக்கு வித்துச்சு, அவரு அத யூனியன்கிட்ட கொடுத்தாரு, அப்புறம் தன்னோட பாதியையும் யூனியனுக்கே வித்துட்டாரு. முழு டீமும் கைக்கு வந்ததும் 2004 ஜூன் 1-ந்தேதி யூனியன் மூடிடுச்சு, ஏன்னா அஞ்சு டீமுக்கு காசு பத்தல, நாலு போதும்னு முடிவு. டிக்கெட் எடுத்து வந்தவங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா? பிரிட்ஜெண்ட் பக்கம் இருக்கறவங்க நீத்-ஸ்வான்சீ டீமான ஆஸ்ப்ரேஸுக்கு கைதட்டுங்க, பான்டிப்ரித் ஆளுங்க கார்டிஃபுக்கு கைதட்டுங்கனு பட்டா மாத்தற மாதிரி மாத்தி விட்டாங்க. பல தலைமுறையா கார்டிஃப்காரன தோக்கடிக்கறதையே பண்டிகையா கொண்டாடினவங்ககிட்ட போயி இத சொன்னா அவங்க எப்படி வருவாங்க? நிறைய பேர் வரல.

இப்ப கோவை வாசகருக்கு ஒரு ஆட்டத்த சொல்றேன். 2005 மார்ச் 19, கார்டிஃப், வேல்ஸுக்கும் அயர்லாந்துக்கும். ஜெயிச்சா 27 வருஷத்துக்கு அப்புறம் கிராண்ட் ஸ்லாம், அதாவது ஆறு நாட்டுப் போட்டியில எல்லா ஆட்டமும் ஜெயிச்ச பெருமை. அயர்லாந்துக்காரர் ஓகாரா உதைச்ச பந்த கெத்தின் ஜென்கின்ஸ் பாய்ஞ்சு தடுக்கறாரு, ப்ராப் அவரு, முன்வரிசையில முட்டி மோதற ஆளு, நூறு கிலோவுக்கு மேல, அந்த உடம்ப வச்சுக்கிட்டு பந்த கால்ல தட்டிட்டே ஓடி எதிரி கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில அமுக்கி ட்ரை போடறாரு. அடுத்த ட்ரை கெவின் மோர்கன். வேல்ஸ் போட்டது அந்த ரெண்டு ட்ரைதான், 32-20 ஜெயிச்சாங்க. ரெண்டு பேருமே அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் வாரியர்ஸ்! அன்னிக்கு இறங்கின 15 பேர்ல ப்ரெண்ட் காக்பெயின், ராபர்ட் சிடோலி, ரயன் ஜோன்ஸ், மெவின் டேவிஸ்னு மொத்தம் ஆறு பேர் மூடின டீம் ஆளுங்க. அந்த மெவின் டேவிஸ டீம் மூடினப்போ மத்த நாலு டீமும் எடுத்துக்கல, செமி புரொஃபஷனலா இருந்த நீத் கிளப்புக்குப் போயி, அங்கேந்து இங்கிலாந்து க்ளௌஸ்டர் டீமுக்குப் போயி, அப்படியும் நாட்டுக்கு ஆடினாரு.

இவ்ளோ ஆட்டக்காரங்கள குடுத்த அந்த நிலக்கரிப் பள்ளத்தாக்குக்கு அதுக்கப்புறம் சொந்தமா ஒரு புரொஃபஷனல் டீம் கிடையாது. மிச்சமிருந்த நாலும் பத்தாதுனு 2025-ல யூனியன் மூணு போதும்னு அறிவிச்சிருக்கு. இந்த தடவயும் கூட்டம் வரலனு யாராவது சொன்னா, மைதானத்துல தலைய எண்ணறதுக்கு முன்னாடி பங்கு யார் கையில இருக்குனு கேளுங்க.