வீணை டீச்சர் பதில்கள்: 5எல் 2எஸ் என்ன ராகம்?

கேள்வி: கடபயாதி கணக்கைப் படித்துவிட்டுத் தீரசங்கராபரணத்துக்குப் போட்டுப் பார்த்தேன். 26 வருகிறது. அது சாருகேசியின் எண்ணாயிற்றே. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

உங்கள் கணக்கில் தப்பில்லை. தமிழ் எழுத்தில் வைத்துப் போட்டதுதான் சிக்கல். மேளம் என்னும் 72 தாய் ராகங்களில், பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கு எண் போட்டுத் திருப்பினால் அந்த மேளத்தின் எண் கிடைக்கும்; அதுதான் கடபயாதி. அது வடமொழி எழுத்து வரிசைக்காகச் செய்த முறை. அங்கே த என்ற எழுத்து நாலு விதம். வரிசையாக 6, 7, 8, 9 என்று மதிப்பு. நமக்கோ நாலுக்கும் ஒரே த. நீங்கள் முதல் த-வை எடுத்து 6 போட்டீர்கள். ர-வுக்கு 2. 62 என்று வந்ததைத் திருப்பி 26 ஆக்கினீர்கள். ஆனால் "தீர" என்பதில் வருவது நாலாவது த. அதற்கு 9. அப்போது 92, திருப்பினால் 29.

பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று பொடி எண் போட்டிருப்பார்களே, அது இதற்கும் உதவும். இன்னொன்று கவனியுங்கள்: அந்தத் த-வை நாலு விதமாகவும் படித்தால் 26, 27, 28, 29 வரும். சாருகேசி, சரசாங்கி, ஹரிகாம்போஜி, சங்கராபரணம் என்று வரிசையாக நாலு மேளம். ஒரே ஒரு எழுத்தின் உச்சரிப்பில் தைவதமும் நிஷாதமும் மாறிப்போகின்றன. மாணவிகளிடம் மேளப் பெயரை வாய்விட்டுத் திருத்தமாகச் சொல்லச் சொல்வது இதற்காகத்தான். மாயாமாளவகௌளையில் இந்தத் தொல்லை கிடையாது. மா 5, யா 1, திருப்பினால் 15.

கேள்வி: என் மகன் கம்ப்யூட்டரில் இசை அமைக்கிறான். ச-விலிருந்து மேல் ச வரை உள்ள ஸ்தாயியை 12 ஆக இல்லாமல் 19, 31 என்று பிரித்துக்கொள்கிறான். "இது 5எல் 2எஸ், அது மாஷ்" என்கிறான். அது என்ன ராகம் என்று கேட்டால் சிரிக்கிறான். நம் 72 மேளம்போல அவர்களிடமும் பெயர் வைக்க ஒரு முறை இருக்கிறதா?
– ஒரு வாசகி, மதுரை

இருக்கிறது அம்மா. நன்றாக யோசித்துச் செய்த முறை. எல் என்றால் பெரிய அடி, எஸ் என்றால் சின்ன அடி. ஒரு ஸ்தாயியை ஏறி முடிக்க ஐந்து பெரிய அடியும் இரண்டு சின்ன அடியும் வைத்தால் 5எல் 2எஸ். அவ்வளவுதான்.

இதை நான் வகுப்பில் புளியங்கொட்டை வைத்துக் காட்டுவேன். வீட்டில் ஹார்மோனியம் இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். ஒரு கட்டையை ஷட்ஜமாக வைத்து அதன்மேல் ஒரு கொட்டை. அதற்குப் பஞ்சமம் எதுவோ அதில் இன்னொன்று. அந்தப் பஞ்சமத்துக்குப் பஞ்சமம் மேல் ரிஷபம். அதைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கி வையுங்கள். இப்படியே தைவதம், காந்தாரம். ஐந்து கொட்டை ஆயிற்றா? வரிசையாக வாசியுங்கள். மோகனம்! கறுப்பு, வெள்ளை எல்லாக் கட்டையையும் சேர்த்து, மேல் ஷட்ஜம் வரை கொட்டைக்குக் கொட்டை இடைவெளியை எண்ணினால் 2, 2, 3, 2, 3. இரண்டே அளவு.

ஆறாவது கொட்டை நிஷாதத்தில் விழும். இப்போது 2, 2, 3, 2, 2, 1. மூன்று அளவாகிவிட்டது. ஏழாவது பிரதிமத்யமத்தில், அதாவது இரண்டு ம-வில் மேலே உள்ளதில். 2, 2, 2, 1, 2, 2, 1 என்று மறுபடியும் இரண்டே அளவில் வந்து அமைகிறது. வாசித்தால் கல்யாணி. ஏழாவது கொட்டையை வைத்ததும் குழந்தைகள் முகத்தைப் பார்க்கவேண்டும். எனக்கு அது இன்னும் அலுக்கவில்லை.

இப்படி ஒரே தாவலைத் திரும்பத் திரும்பப் போட்டு, அடிகள் இரண்டே அளவில் அமையும் இடங்களை எர்வ் வில்சன் என்பவர் 1975-இல் "சமச்சீர் கணம்" என்று அழைத்தார். மெக்சிகோவில் 1928-இல் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். உங்கள் மகன் சொல்லும் பெயர்கள் எல்லாம் அந்த யோசனையின் மேல் பின்னால் வந்தவர்கள் கட்டியவை. மோகனத்தின் அமைப்பு 2எல் 3எஸ். கல்யாணியின் அமைப்பு 5எல் 2எஸ்.

ஆனால் சங்கராபரணமும் 5எல் 2எஸ்தான். ஹரிகாம்போஜி, கரகரப்ரியா, நடபைரவி, தோடிக்கும் அதே பெயர். கல்யாணியையும் சேர்த்து, ஒன்றிலிருந்து ஒன்று கிரகபேதத்தில், அதாவது அதே சுரங்களில் வேறொன்றை ஷட்ஜமாக வைத்தால், கிடைக்கும் ஆறு மேளங்கள் இவை. அதனால்தான் என்ன ராகம் என்று கேட்டபோது மகன் சிரித்திருப்பான். எங்கே ஆரம்பிக்கிறோம் என்பது அந்தப் பெயரில் இல்லை; அதற்குத் தனியாக இன்னொரு பெயர் சேர்ப்பார்கள். மேளத்தின் பெயரில் ஆரம்பம் கட்டாயம் உண்டு. ஷட்ஜத்தை விட்டு நாம் ஒரு அடி வைப்பதில்லை.

அப்படியானால் நம்முடையதே போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நம் 72-ம் ஸ்தாயியில் பன்னிரண்டு இடம் என்று வைத்துக்கொண்டு பிறந்த கணக்கு. மாஷ் என்பது 3எல் 4எஸ். மூன்று பெரிய அடி, நாலு சின்ன அடி. அதைப் பன்னிரண்டுக்குள் அடக்கப் பாருங்கள்: சின்ன அடி 1 என்றால் மீதி 8, மூன்றால் வகுபடாது. 2 என்றால் மீதி 4, அதுவும் வகுபடாது. வழியே இல்லை. ஸ்தாயியை 24 ஆகப் பிரித்தால் பெரிய அடி 4, சின்ன அடி 3 என்று அழகாக உட்கார்ந்துவிடும். அந்தச் சின்ன அடி 150 சென்ட். ஸ்தாயி முழுக்க 1200 சென்ட் என்று வைத்துக்கொண்டால், சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நட்டநடுவில், ஹார்மோனியத்தில் கட்டையே இல்லாத இடம். அதற்கு மேள எண் எப்படிக் கொடுப்பது?

அவர்களிடமும் குறை உண்டு. இரண்டு அளவு அடிகளுக்குத்தான் இந்தப் பெயர். நாம் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் மாயாமாளவகௌளையில் 1, 3, 1, 2, 1, 3, 1 என்று மூன்று அளவு. இந்த முறையில் அதற்கு இடமில்லை. அப்புறம் மாஷ், ஒனைரோடானிக் மாதிரி பெயர்களும் எனக்குப் பிடிபடவில்லை. ஒனைரோ என்றால் கிரேக்கத்தில் கனவு. அழகான சொல்தான், ஆனால் அது 5எல் 3எஸ் என்பதை மனப்பாடம்தான் செய்யவேண்டும். கல்யாணியின் மேளப் பெயரான மேசகல்யாணி என்றால் 65 என்று பெயரே சொல்லிவிடும். திக்ஷிதர் பரம்பரையில் அதே மேளம் சாந்தகல்யாணி. அதற்கும் 65 வரும். பெயரை மாற்றினாலும் எண்ணைக் கைவிடாத அந்த அக்கறையை நான் கைகூப்பி வணங்குகிறேன்.

சரி, பெயர் ஒன்றாக இருந்தால் நாதமும் ஒன்றா? இல்லை. இதைக் காதால் கேட்கவேண்டும். மகனிடம் 5எல் 2எஸ் அமைப்பில் சங்கராபரணத்தின் சுரங்களை மூன்று விதமாக வாசிக்கச் சொல்லுங்கள். 12 பிரிவில் பெரிய அடி 2, சின்ன அடி 1. காந்தாரம் 400 சென்ட்டில் நிற்கும். 22 பிரிவில் அடிகள் 4, 1. காந்தாரம் 436-க்கு ஏறி மத்யமத்தை இடித்துக்கொண்டு நிற்கும். (இந்த 22-ஐ நம் 22 ஸ்ருதி என்று நினைத்துவிட வேண்டாம். இது சமமான வெட்டு. நம் புத்தகங்களில் வழக்கமாகக் கொடுக்கும் ஸ்ருதிப் பட்டியலில் இடைவெளிகள் சுமார் 90, 70, 22 சென்ட் என்று மூன்று விதம்.) 31 பிரிவில் அடிகள் 5, 3, காந்தாரம் 387. பஞ்சமம் மட்டும் சுத்தமாகச் சேர்ந்த பஞ்சமத்தைவிட 5 சென்ட் இறங்கியிருக்கும்.

மூன்றையும் கேட்கும்போது பக்கத்தில் தம்புராவை மீட்டிக்கொண்டே இருங்கள். ஸ்ருதி நன்றாகச் சேர்ந்த தம்புராவில் யாரும் பாடாமலே ஒரு காந்தாரம் மேலே மிதந்து கேட்கும். அது 386 சென்ட். 31 பிரிவின் காந்தாரத்தை மகன் அழுத்தும்போது இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்று எனக்கு எழுதுங்கள்.